தோல் சப்பாத்துக்குள் வைக்கும் மரக் கட்டை: நம் மாரி மழைக்கும் கச்சான் காற்றுக்கும் எது பொருந்தும்?

கேள்வி: கல்லடிவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வசிக்கிறேன். மட்டக்களப்பு நகரில் உள்ள ஓர் அலுவலகத்தில் வேலை செய்வதால் கிழமையில் ஐந்து நாட்களும் தோல் சப்பாத்து அணிய வேண்டியிருக்கிறது. என்னிடம் இரண்டு சோடிகள் உள்ளன. ஒன்று மூன்று வருடங்களாக அன்றாடம் போடும் கறுப்புச் சோடி. மற்றையது என் கலியாணத்துக்காக வாங்கி, விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கும் மண்ணிறச் சோடி. இரண்டுமே லேஸ் கட்டும் வகை.

கறுப்புச் சோடியின் முன்பகுதியில், விரல்கள் மடியும் இடத்தில், ஆழமான மடிப்புகள் விழுந்துவிட்டன. நுனி சற்று மேல்நோக்கி வளைந்து, தரையில் வைத்தால் சிறு படகு போலத் தெரிகிறது. மண்ணிறச் சோடிக்கு நேர்ந்தது வேறு. கடந்த மார்கழியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போவதற்காக அலுமாரிக்குள் இருந்த பெட்டியைத் திறந்தபோது, உள்ளேயும் வெளியேயும் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன் என்றாலும், அந்த வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை.

என் மாமா அடுத்த மாதம், புரட்டாதியில், லண்டனிலிருந்து வருகிறார். அங்கே ஷூ ட்ரீ என்று சொல்லப்படும், சப்பாத்துக்குள் செருகி வைக்கும் மரக் கட்டைகளை வாங்கி வர முடியும் என்று சொன்னார். எந்த மரம், எந்த அமைப்பு, எந்த அளவு என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. என் சப்பாத்து பிரித்தானிய அளவில் 8. பாதம் கொஞ்சம் அகலம். இரண்டு சோடிக்கும் தனித்தனியாகக் கட்டை வேண்டுமா, கழற்றியவுடன் வைக்க வேண்டுமா, காய்ந்த பிறகா, இங்குள்ள தச்சு வேலையாட்களிடம் செய்விக்க முடியுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வாவிக்கரை

தம்பி, நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நீதிமன்றத்துக்குக் கறுப்புத் தோல் சப்பாத்துடன் போய் வருபவன். இந்தக் கட்டைகளைப் பாவிக்கத் தொடங்கிப் பதினைந்து வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் போட்ட சப்பாத்துகளின் ஆயுளையும் பின் போட்டவற்றின் ஆயுளையும் ஒப்பிட்டு என்னால் பேச முடியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் போட்டுக் கழற்றும் சப்பாத்தின் உட்புறம், வெளியே மழை பெய்யாவிட்டாலும், வியர்வையால் ஈரமாகவே இருக்கும். ஈரமும் உடற்சூடும் சேர்ந்த தோல் இளகியிருக்கும். அந்த இளகிய தோல் எந்த வடிவத்தில் கிடந்து காய்கிறதோ அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். நீங்கள் கழற்றி வைக்கும் சப்பாத்து மடிந்த கோலத்தில் கிடந்து காய்வதால், மடிப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆழமாகிறது; அடிப்பகுதி சுருங்குவதால் நுனி மேலே எழுகிறது. கட்டையை உள்ளே வைத்தால் தோல் விரிந்த நிலையில் காய்கிறது. ஆகவே கட்டைக்குரிய நேரம், கழற்றிய பின் வரும் முதல் அரை மணி, ஒரு மணி நேரம்தான். மறுநாள் காலையில் நினைவு வந்து வைத்தால் அதன் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

இப்போது அமைப்பு. கடைகளில் மூன்று விதமானவை கிடைக்கின்றன. முன்னால் ஒரு பிளாஸ்டிக் அல்லது மரத் துண்டும், பின்னால் ஒரு சிறு உருண்டையும், இரண்டையும் இணைக்கும் வளைந்த கம்பிச் சுருளும் கொண்டது மலிவானது. அதை வாங்கவே வேண்டாம். அந்த உருண்டை குதியின் பின்புறத்தில் ஒரே இடத்தில் இரவு பகலாக அழுத்தி, அங்கே தோலில் ஒரு புடைப்பை உண்டாக்கிவிடும். என் நல்ல சோடி ஒன்று அப்படித்தான் கெட்டது. இரண்டாவது வகையில் முன்பகுதி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவில் உள்ள ஸ்பிரிங் அந்த இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் விரிக்கும். பின்னால் குதியின் முழு உருவத்துக்கும் பொருந்துமாறு அகன்ற மரத் துண்டு இருக்கும். உங்களைப் போல அகலமான பாதமுள்ளவருக்கு இதுவே பொருத்தம், ஏனெனில் சப்பாத்தின் அகலத்துக்கு ஏற்ப அது தானாகவே விரிந்து கொடுக்கும். மூன்றாவது, குறிப்பிட்ட சப்பாத்தின் அச்சுக்கென்றே செய்யப்பட்டு அதனுடன் சேர்த்து விற்கப்படுவது. மிக நேர்த்தியானது, விலையும் அதிகம். அன்றாடப் பாவனைக்கு அவசியமில்லை.

மரத்தைப் பற்றிப் பலரும் சீடர் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். சப்பாத்துக் கட்டைக்குப் பாவிக்கும் வாசனைச் சீடர் உண்மையில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஒரு ஜூனிப்பர் மரம்; தாவரவியலில் ஜூனிப்பெரஸ் வேர்ஜினியானா என்பார்கள். முன்பு பென்சில்களும் அந்த மரத்தில்தான் செய்யப்பட்டன. பழைய பென்சிலைச் சீவும்போது எழுந்த மணத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டையின் மணமும் தெரிந்ததாகவே இருக்கும். அது ஈரத்தையும் வியர்வை வாடையையும் ஓரளவு உறிஞ்சும். பீச் மரக் கட்டைகளுக்கு மணம் இல்லை. ஆனால் உறுதியானவை, வடிவத்தை நன்றாகக் காக்கும். எந்த மரமானாலும் வார்னிஷ் பூசாததாக இருக்க வேண்டும். வார்னிஷ் பூசிய கட்டை பார்வைக்கு அழகாக இருந்தாலும், ஈரத்தைப் பொறுத்தவரை பிளாஸ்டிக் கட்டைக்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை. சீடரின் மணம் குறைந்தால் மெல்லிய சாண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்தால் உள்ளிருந்து மீண்டும் வரும்.

அளவில் கவனம் தேவை. உங்கள் மாமா பிரித்தானியத் தயாரிப்பை வாங்கினால் 8 என்பது 8 தான். அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் அதே சப்பாத்துக்கு அவர்களுடைய ஆண்கள் அளவு ஏறக்குறைய 9 ஆகும். ஐரோப்பிய அளவில் 42. பல தயாரிப்புகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மட்டும் பிரித்திருப்பதால், பெட்டியில் எந்த நாட்டு அளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் ஐயம் வந்தால் சிறியதையே எடுக்க வேண்டும். சரியான கட்டையை உள்ளே வைத்ததும் மடிப்புகள் மெல்ல விரிய வேண்டும். ஆனால் பக்கவாட்டில் தோல் விறைத்துப் புடைக்கவோ, குதிப் பகுதி பின்னோக்கித் தள்ளப்படவோ கூடாது. முழுப் பலத்தையும் போட்டுத்தான் உள்ளே தள்ள முடிகிறது என்றால் அது பெரிது.

ஒரு சோடிக் கட்டை போதுமா என்று கேட்டீர்கள். அன்றாடம் போடும் சப்பாத்துக்கே அது கட்டாயம். ஆனால் அதைவிடப் பெரிய உதவி, கறுப்பில் இன்னொரு சோடி வாங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடுவது. அன்று கழற்றிய சோடிக்குள் கட்டை, முந்திய நாள் சோடி வெறுமையாகக் காற்றாட இருக்கட்டும். தினமும் ஒரே சோடியைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நல்ல கட்டையை வைத்தாலும், ஓர் இரவில் அது முழுதாகக் காய்வதில்லை.

பதில் 2: அக்கரைப்பற்று_ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாவிக்கரை ஐயா அமைப்பையும் அளவையும் பற்றி எழுதியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் மரம் ஈரத்தை உறிஞ்சும் என்ற பகுதியில், நம் பிரதேசத்துக்கென்று ஒரு முக்கியமான திருத்தம் தேவை என்று நினைக்கிறேன். இந்தக் கட்டைகளைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுவதால் காற்று உலர்ந்து, கட்டையும் தானாகவே காய்ந்துகொண்டிருக்கும். நம் ஊரில் ஐப்பசி முதல் தை வரை நிலைமை நேர்மாறானது.

என் வீட்டு அறையில் காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சிறிய கருவி வைத்திருக்கிறேன். மழை தொடர்ந்து பெய்யும் கார்த்திகை, மார்கழி நாட்களில் அது 85 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அரிது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் தோலில் பூஞ்சணம் வளர்வதற்கு வேறு எதுவும் தேவையில்லை. மரமோ சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும் பொருள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் நீர் இருக்கும். 90 சதவீதமானால் அது 20 சதவீதத்தை எட்டும். அதாவது மார்கழியில் அலுமாரிக்குள் கிடக்கும் கட்டை ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கிறது. அது உங்கள் சப்பாத்திலிருந்து எதை உறிஞ்சப் போகிறது? முதல் வருடம் நான் இதை அறியாமல், ஈரச் சப்பாத்துக்குள் கட்டையைச் செருகி, பெட்டியில் போட்டு மூடி, அலுமாரியையும் மூடிவிட்டேன். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் சப்பாத்தில் மட்டுமல்ல, கட்டையிலும் பூஞ்சணம் பிடித்திருந்தது.

ஆகவே மாரியில் நான் பின்பற்றும் முறை இது. சப்பாத்து மழையில் நனைந்திருந்தால் கட்டையை உடனே வைப்பதில்லை. லேஸைக் கழற்றி, நாக்கை நன்றாக வெளியே இழுத்து, பத்திரிகைத் தாளைக் கசக்கித் தளர்வாக உள்ளே திணித்து, அடிப்பகுதியும் காற்றுப் படும்படி சப்பாத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, மின்விசிறி ஓடும் அறையில் வைப்பேன். தாள் ஈரத்தை மிக விரைவாக எடுக்கும். ஆனால் எடுத்த ஈரத்தோடு உள்ளேயே கிடந்தால் பயனில்லை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். உட்புறத் தோல் வெளிர் நிறமானால் அச்சு மை ஒட்டும் என்பதால் அச்சடிக்காத தாளைப் பாவிப்பது நல்லது. கைக்கு இலேசான ஈரம் மட்டும் தெரியும் நிலைக்கு வந்த பிறகே கட்டை. வியர்வை ஈரம் மட்டும் என்றால், ஐயா சொன்னபடி, கழற்றியவுடன் வைக்கலாம்.

அடுத்து, கட்டையையும் காயவைக்க வேண்டும். இதை யாரும் எழுதிக் கண்டதில்லை. நம் ஊரில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் கட்டைகளை எடுத்து, ஈரமான நெல்லைக் களத்தில் பரப்புவது போலத் திறந்த இடத்தில் வைத்து விடுங்கள். சப்பாத்துக்குத்தான் நேர் வெயில் கூடாது. மரக் கட்டைக்கு இரண்டு மணி நேர வெயிலால் தீங்கில்லை. வெயிலே இல்லாத கிழமைகளில் மின்விசிறிக்கு அருகே ஓர் இரவு இருந்தாலும் போதும்.

உங்கள் மண்ணிறச் சோடிக்கு நேர்ந்ததற்குக் கட்டை இல்லாமை காரணமல்ல. மூடிய பெட்டிதான் காரணம். கடதாசிப் பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெட்டியை விட்டு வெளியே எடுத்து, மெல்லிய பருத்தித் துணிப் பையில் போட்டு, அலுமாரியின் மேல் தட்டில், சுவரில் முட்டாமல் வையுங்கள். கிழமைக்கு ஒரு முறை அலுமாரிக் கதவைத் திறந்து மின்விசிறியை ஓட விடுங்கள். பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு வினாகிரியும் தண்ணீரும் சம அளவாகக் கலந்து துணியில் தோய்த்துப் பிழிந்து உள்ளும் புறமும் ஒற்றியெடுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் சோதித்து, நிறம் மங்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நிழலில் முழுதாகக் காய்ந்த பின்னரே பொலிஷ். பூஞ்சணத்தின் மேலேயே பொலிஷ் பூசினால் அதை மூடி வளர்ப்பதாகவே முடியும்.

பதில் 3: கல்முனை_சப்பாத்து_வேலை

நான் கல்முனையில் சப்பாத்துத் திருத்தும் வேலை செய்பவன். என் தகப்பனாரிடம் கற்ற தொழில். திருத்த வரும் சப்பாத்துகளின் உட்புறத்தை நாளும் பார்ப்பவன் என்ற வகையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, உங்களுடையது உண்மையான தோலா என்பதை அறிந்துகொள்ளுங்கள். உண்மைத் தோலின் வெட்டு விளிம்பையோ, நாக்கின் பின்புறத்தையோ பார்த்தால் நார்நாராக, சற்று ரோமம் போலத் தெரியும். ரெக்சின் ஆனால் பின்புறத்தில் துணி நெசவு தெரியும். ரெக்சின் சப்பாத்தில் மேல்பூச்சு வெடித்து உரியத் தொடங்கினால் எந்தக் கட்டையும் அதைத் தடுக்காது. தோலுக்கு மட்டுமே கட்டை வாங்கும் செலவு தகும்.

இரண்டாவது, குதி. இங்கு வரும் ஆண்கள் சப்பாத்துகளில் பத்தில் ஏழெட்டு, குதியின் பின்சுவர் நசுங்கித்தான் வருகின்றன. நம் வாழ்க்கை முறையில் ஒரு நாளில் பலமுறை சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பள்ளிவாசலுக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம், யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்றுகிறோம். அவசரத்தில் லேஸை அவிழ்க்காமல், ஒரு காலால் மற்றக் காலின் குதியை மிதித்துக் கழற்றுவதும், திரும்பப் போடும்போது பின்சுவரை மிதித்துக்கொண்டே காலை நுழைப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பின்சுவருக்குள் வடிவம் கொடுப்பதற்காக ஒரு விறைப்பான தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அது ஒரு முறை உடைந்தால் முழுக் குதியுள்ள கட்டையை வைத்தாலும் நிமிராது. கட்டை வாங்கும் உங்கள் மாமாவிடம், குதிக்குப் பின்னால் செருகிக் காலை இறக்கும் ஷூ ஹோர்ன் ஒன்றையும் வாங்கச் சொல்லுங்கள். சிறியதொன்று சட்டைப் பைக்குள் கொள்ளும். கழற்றிய சப்பாத்தை விறாந்தைக்கு வெளியே இரவில் விடும் பழக்கமும் வேண்டாம். பனியும் சாரலும் படுவதோடு, பூச்சி பொட்டு ஏறுவதும் நடக்கும்.

மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல தோல், பூஞ்சணமும் இல்லை, இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன், போட்டுக்கொண்டு நாலு அடி வைத்ததும் அடிப்பகுதி பிட்டுப் போல உதிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். அது பொலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடி. பாரம் இல்லாமல் மெத்தென்று இருப்பதற்காக அதைப் பாவிக்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் காலப்போக்கில் அந்தப் பொருளின் இணைப்புகளை உடைக்கிறது. சூடும் ஈரமும் உள்ள ஊரில் விரைவாக நடக்கும். போடாமல் வைத்திருந்தாலும் அது நிற்பதில்லை. உங்கள் மண்ணிறச் சோடியின் அடியைக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் அப்படியே நின்றாலோ, தூள் வந்தாலோ, பிசுபிசுத்தாலோ அதைப் போட்டுக்கொண்டு விசேஷ வீட்டுக்குப் போக வேண்டாம். றப்பர் அடி, தோல் அடி ஆகியவற்றுக்கு இந்த வியாதி இல்லை.

வெள்ளத்தில் நடந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாவித் தண்ணீரும் கடல் தண்ணீரும் பட்ட தோலில் உப்பு இறங்கி, காய்ந்ததும் வெள்ளைக் கோடாக மேலே வரும். அதை அப்படியே கட்டை வைத்துக் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முழுச் சப்பாத்தையும் ஒரே சீராக ஒற்றி உப்பை இறக்குங்கள். பிறகு தாள், பிறகு கட்டை.

பதில் 4: களுவாஞ்சிக்குடி_ஓடாவி

இங்கே செய்விக்க முடியுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். செய்யலாம், இரண்டு பேருக்குச் செய்தும் கொடுத்திருக்கிறேன். மரம் தெரிவதுதான் பாதி வேலை. முதிரை வேண்டாம், பாரம் அதிகம், மிகக் கடினம், ஈரத்தை மெதுவாகவே எடுக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்த் தன்மை இருப்பதால் இந்த வேலைக்கு அதுவும் பொருந்தாது. நான் எடுத்தது மலைவேம்பு. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்பார்கள். பாரம் இல்லாதது, இழைப்பதற்கு இலகு. சாதாரண வேம்பும் நல்லது, பூச்சி எளிதில் விழாது, ஆனால் செதுக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்த பழைய பலகையாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் அது சப்பாத்துக்கே ஈரத்தைக் கொடுக்கும், பிறகு சுருங்கி வெடிக்கும்.

சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். உள்ளடியின் உருவத்தைக் கடதாசி மட்டையில் வெட்டி எடுத்து, சுற்றிலும் 3 மில்லிமீற்றர் குறைத்துத்தான் செதுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகும்போது லைனிங்கைக் கிழிக்கும். இடதும் வலதும் வேறு வேறாகச் செய்ய வேண்டும் என்பதையும் கவனிக்கவும். முன் துண்டுக்கும் குதித் துண்டுக்கும் நடுவே ஓர் உருளைக் கம்பும், அதில் ஓடும் ஸ்பிரிங்கும். பலமான ஸ்பிரிங் போடக் கூடாது; இரண்டு விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். கடைசியாகச் சாண்ட் பேப்பர் போட்டு வழுவழுப்பாக்கி அப்படியே விடுவேன்; பொலிஷ், வார்னிஷ் எதுவும் இல்லை. பிளந்த முன்பகுதி உள்ள வகையைக் கையால் செய்வது கடினம். அகலமான பாதம் என்கிறீர்கள். அதற்கு மாமா வாங்கி வருவதே மேல். வேலைக்குப் போடும் சாதாரணச் சோடிக்கு வேண்டுமானால் இங்கே செய்யலாம்.

கேள்வி கேட்டவர்: கல்லடிவாசி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. மாமாவிடம் பிளந்த முன்பகுதியும் முழுக் குதியும் உள்ள, வார்னிஷ் பூசாத சீடர்க் கட்டை ஒரு சோடியும், ஷூ ஹோர்ன் ஒன்றும் சொல்லிவிட்டேன். பிரித்தானிய அளவு 8 என்பதையும் எழுதி அனுப்பினேன்.

நேற்று இரவு கல்முனை அண்ணன் சொன்னபடி மண்ணிறச் சோடியின் அடியை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். வலது சப்பாத்தில் தடம் நின்றுவிட்டது. இடது சப்பாத்தின் குதி ஓரத்திலிருந்து சிறு துண்டு ஒன்று கையோடு வந்தது. கவலையாக இருக்கிறது, கலியாணத்தன்று போட்டது என்பதால் எறிய மனமில்லை. மேல்தோல் பின்புறம் நார்நாராகத்தான் தெரிகிறது, எங்கும் வெடிக்கவில்லை. இதைக் காப்பாற்ற வழி உண்டா? இன்னொரு சந்தேகம்: பொலிஷ் போடும்போது கட்டை உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே எடுத்துவிட வேண்டுமா?

பதில் 5: வாவிக்கரை

பொலிஷ் கட்டை உள்ளே இருக்கும்போதுதான் போட வேண்டும், தம்பி. மடிப்பு விரிந்து நிற்பதால் அதன் பள்ளத்தில் இருக்கும் தூசியை முதலில் தூரிகையால் எடுக்க முடிகிறது, கிறீமும் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படுகிறது. கையால் அழுத்தித் தேய்த்தாலும் தோல் உள்வாங்காது. இந்த ஆவணி மாதத்துக் கச்சான் காற்றில் தோல் தன் எண்ணெயை இழந்து உலர்ந்து கிடக்கும் என்பதால், இப்போது மெழுகுப் பொலிஷை மட்டும் ஏற்றாமல், முதலில் கிறீம் அல்லது தோல் கண்டிஷனர் மெல்லியதாகப் பூசி ஓர் இரவு கட்டையோடு விடுங்கள். மறுநாள் மெழுகு. மூன்று வருடம் பழகிய கறுப்புச் சோடியின் மடிப்பு முழுதாக மறையாது. மேலும் ஆழமாகி வெடிக்காமல் நிறுத்தலாம். நுனி வளைவு ஓரிரு மாதங்களில் கொஞ்சம் இறங்கும்.

பதில் 6: கல்முனை_சப்பாத்து_வேலை

தம்பி, மேல்தோல் நன்றாக இருந்தால் காப்பாற்றலாம். பழைய அடியை முழுதாகச் சுரண்டி எடுத்து, றப்பர் அடி ஒட்டிச் சுற்றிலும் தைக்க வேண்டும். பாரம் முன்பைவிடச் சற்றுக் கூடும். ஆனால் இனி உதிராது. கொண்டுவரும் வரை அதைப் போட்டு நடக்க வேண்டாம். நடந்தால் உதிரும் துண்டுகளோடு உள்ளடியும் கிழியும். கட்டை வந்ததும் இரண்டு மூன்று நாள் உள்ளே வைத்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, கட்டையோடு சேர்த்தே எடுத்து வாருங்கள். ஒட்டும்போது என் அச்சில் ஏற்றுவேன், பிறகு பசை இறுகும் வரை உங்கள் கட்டையிலேயே நிற்கட்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் வாருங்கள். ஈரக் காற்றில் ஒட்டிய அடி நிலைப்பதில்லை என்பதால், மழை தொடங்கிவிட்டால் அந்த வேலையை நான் மாசி வரை எடுப்பதில்லை.